கோடு இறங்கினால் இறங்கட்டும்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்று சைக்கிளுக்கும் சாப்ட்வேர் வந்துவிட்டது. கையில் ஒரு வாட்ச், பாக்கெட்டில் ஒரு மொபைல் இருந்தால் போதும். இன்று எத்தனை கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும், நாளை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். முன்பு ஒரு கோச் பார்த்த வேலையை, மாதச் சந்தா வாங்கிக் கொண்டு ஓர் அப்ளிகேஷன் பார்க்கிறது. சைக்கிள் மட்டுமல்ல, நீண்ட தூர ஓட்டம், நீச்சல் எல்லாவற்றிற்கும் இப்படி வந்துவிட்டது.

இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாப்ட்வேரை ஒரு நோட்டுப் புத்தகமாகப் பயன்படுத்துங்கள். கோச்சாகப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதைப் பயன்படுத்தினால், இன்னும் கவனமாக இருங்கள்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி என் ஊர். 2020 ஊரடங்கின் போது வீட்டிற்கு வந்தவன், சென்னை நிறுவனத்தின் வேலையை இன்றும் பெரும்பாலும் வீட்டில் இருந்தே பார்க்கிறேன். உட்கார்ந்தே இருந்ததில் எடை கூடியது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளைத் துடைத்து எடுத்து ஓட்டத் தொடங்கினேன். பிறகு கியர் சைக்கிள் வாங்கினேன். இப்போது 'பிரவே' எனப்படும் நீண்ட தூரப் பயணங்களுக்குப் போகிறேன். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திற்குள், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். இதில் பரிசு கிடையாது. நேரத்திற்குள் முடித்தோம் என்ற திருப்திதான். இதற்குத் தயாராக நானும் இந்தச் சாப்ட்வேர்களைப் பயன்படுத்துகிறேன். எனவே பயன்படுத்தாதவன் சொல்லும் குறையாக இதை எடுத்துக் கொள்ள வேண்டாம்.

அக்கா மகனின் ஆசை

ஆண்டுதோறும் அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளை ஒட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்டப் பிரிவு நடத்துவது இது. 13, 15, 17 வயதிற்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். 15 வயதிற்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15 கிலோமீட்டர். கியர் வைத்த வெளிநாட்டு சைக்கிளோடு வந்து நிற்க முடியாது. இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் உள்ள சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். முதல் பரிசு 5,000 ரூபாய். கிராமத்துப் பிள்ளைகளும் தைரியமாகக் கலந்து கொள்ளக்கூடிய போட்டி இது.

என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்பு. நான் விடியற்காலையில் சைக்கிளோடு கிளம்புவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. "மாமா, நானும் போட்டிக்குப் போறேன். எனக்கும் அந்த வாட்ச்ல பிளான் போட்டுக் குடு" என்றான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பழைய வாட்சை அவன் கையில் கட்டிவிட்டேன். ஒரு பயிற்சி அப்ளிகேஷனில் ஆறு வாரத் திட்டம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். புதுக் கணக்கு தொடங்க சோம்பல். என் பழைய கணக்கையே அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

என்ன நடந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் இருந்தது என் வயது, என் எடை. 28 வயது, 74 கிலோ ஆளுக்குப் போட்ட திட்டத்தை, 14 வயது, 41 கிலோ பையன் ஓட்டிக் கொண்டிருந்தான். தவறான தகவலை உள்ளே கொடுத்தால் தவறான விடைதான் வெளியே வரும் என்று கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்தவன் நான். படித்து என்ன பயன்?

ஆனால் பெரிய தவறு அது இல்லை. அது அடுத்துதான் வந்தது.

முப்பத்தோராவது நாள்

அந்த அப்ளிகேஷனில் ஒரு வசதி இருந்தது. தொடர்ந்து எத்தனை நாட்கள் பயிற்சி செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும். ஒரு நாள் விட்டால் எண் மீண்டும் பூஜ்ஜியத்திற்குப் போய்விடும். கூடவே ஒரு வரைபடம். பயிற்சி செய்தால் கோடு ஏறும். செய்யாவிட்டால் இறங்கும்.

ஐந்தாவது வாரத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. அக்காவிடம் சொன்னால் போகவிட மாட்டாள் என்று சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து 25 கிலோமீட்டர் ஓட்டினான். மொபைல் பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டு, "அருமை! 31 நாட்கள்!" என்று பாராட்டியது. குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

அங்கே பி.டி. சார் அவனைப் பார்த்தார். அவரிடம் வாட்ச் இல்லை, வரைபடம் இல்லை. முகத்தைப் பார்த்தார். கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "ஏன்டா, காய்ச்சலோடயா சைக்கிள் ஓட்டுன? போ, வீட்டுக்குப் போ. நான் சொல்ற வரைக்கும் சைக்கிளத் தொடக் கூடாது" என்று ஆள் கூட்டி அனுப்பி வைத்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். காய்ச்சலின் போது கடுமையாக உடலை வருத்தினால், அரிதாக, இதயத் தசையில் அழற்சி ஏற்படலாம், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று விளக்கினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

நல்ல வேளை, பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "காய்ச்சல்னு தெரிஞ்சும் ஏன்டா போன?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்: "போகலன்னா கோடு இறங்கிரும் மாமா."

அந்த வசதியை நானும் எழுதியிருக்கிறேன்

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக் கொள்ள வேண்டும். நாட்களை எண்ணிக் காட்டும் இதே வசதியை வேறொரு சாப்ட்வேரில் நானே எழுதியிருக்கிறேன். அது மாணவர்களுக்கான கணக்குப் பயிற்சி அப்ளிகேஷன். அன்று கணக்குப் போடாதவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு, "உங்கள் 30 நாள் தொடர் முறியப் போகிறது!" என்று செய்தி போகும். அந்த வரியை எழுதி, அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். செய்தி போன பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். நிறையப் பேர் வந்தார்கள். அதனால் அந்த வசதியை வைத்துக் கொண்டோம்.

இதில் சதி ஒன்றும் இல்லை. பயன்படுத்துபவர் தினமும் வர வேண்டும் என்பதுதான் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களின் நோக்கம். தினமும் வந்தால்தான் அடுத்த மாதமும் சந்தா கட்டுவார். ஆனால் விளையாட்டுப் பயிற்சியில் பாதி வேலை ஓய்வில்தான் நடக்கிறது. பயிற்சி தசையைக் களைப்படையச் செய்கிறது. அது பழுது பார்க்கப்பட்டு வலுப்பெறுவது நாம் தூங்கும் போதும் சும்மா இருக்கும் போதும்தான். "இன்று வராதே, தூங்கு" என்று சொல்வது ஒரு கோச்சின் முக்கியமான வேலை. தினமும் வரவழைப்பதற்காக எழுதப்பட்ட சாப்ட்வேர் அதை மனமுவந்து சொல்லாது.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது?

பையன் பயந்த அந்தக் கோட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒரு சாதனத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் அதன் மீதுள்ள பயம் போய்விடும்.

1970களில் கனடாவில் எரிக் பேனிஸ்டர் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கணக்கை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை உண்டாக்குகிறது. ஒன்று தகுதி. இன்னொன்று களைப்பு. தகுதி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். களைப்பு சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இதைப் பின்னாளில் அமெரிக்காவின் ஆண்ட்ரூ காகன் சைக்கிள்காரர்களுக்காக எளிமைப்படுத்தினார். தகுதிக்கு 42 நாட்கள், களைப்பிற்கு 7 நாட்கள் என்பது அதில் வழக்கமாக வைக்கப்படும் அளவு. இன்று பல சாப்ட்வேர்களில் நீங்கள் பார்க்கும் கோடுகள் இந்தக் கணக்கின் பேரப் பிள்ளைகள்தான்.

கணக்கு மிக எளிது. நேற்றைய தகுதி எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். இன்றைய பயிற்சிச் சுமையில் இருந்து அதைக் கழியுங்கள். வந்ததை 42ஆல் வகுத்து, நேற்றைய எண்ணோடு கூட்டுங்கள். இன்றைய தகுதி எண் கிடைத்துவிடும். 42க்குப் பதில் 7 போட்டால் களைப்பு எண்.

ஓர் உதாரணம். பல மாதங்களாக ஒருவர் தினமும் 420 புள்ளி சுமைக்குப் பயிற்சி செய்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய தகுதி, களைப்பு இரண்டும் 420ஐ ஒட்டியே இருக்கும். அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். பயிற்சி பூஜ்ஜியம். என்ன ஆகும்?

முதல் நாள்: தகுதி 410, களைப்பு 360.
இரண்டாம் நாள்: தகுதி 400, களைப்பு 309.
மூன்றாம் நாள்: தகுதி 391, களைப்பு 264.

பார்த்தீர்களா? மூன்று நாள் படுத்திருந்தால் தகுதி எண் ஏழு சதவீதம் குறைகிறது. களைப்பு எண்ணோ 37 சதவீதம் குறைகிறது. போட்டிக்கு முந்தைய வாரத்தில் பயிற்சியைக் குறைத்துக் கொள்வதன் காரணமும் இதுதான். கோடு இறங்குவது தோல்வி இல்லை. பல நேரங்களில் அது இறங்க வேண்டியதுதான் முறை.

இதைப் பையனுக்கு எக்ஸெலில் போட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா மாமா?" என்றான். இவ்வளவுதான். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். இதில் எந்த இடத்திலும் காய்ச்சலுக்கு ஒரு கட்டம் இல்லை. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதற்கும், பரீட்சைப் பயத்திற்கும் கட்டம் இல்லை.

220இல் இருந்து வயதைக் கழித்தால்?

அடுத்து இதயத் துடிப்பு. உங்களுடைய உச்சபட்ச இதயத் துடிப்பு எவ்வளவு என்று சாப்ட்வேருக்குத் தெரியாத போது, பல சாப்ட்வேர்கள் 220இல் இருந்து உங்கள் வயதைக் கழித்துவிடும். எனக்கு 192. அதை வைத்து மெதுவான பயிற்சி, நடுத்தரம், கடுமை என்று ஐந்து மண்டலங்களாகப் பிரித்துவிடும்.

இந்த 220 எங்கிருந்து வந்தது? 1971இல் சாமுவேல் பாக்ஸ், ஜான் நாட்டன், வில்லியம் ஹாஸ்கெல் ஆகிய அமெரிக்கர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருந்து. பல இடங்களில் கிடைத்த புள்ளிகளை ஒரு வரைபடத்தில் குறித்து, உத்தேசமாக ஒரு கோடு இழுத்தால் இப்படி வருகிறது என்றார்கள். சுலபமாக நினைவில் நிற்பதால் உலகம் முழுவதும் பரவிவிட்டது. 2001இல் டனாகா என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் நிறைய ஆய்வுகளைத் தொகுத்து வேறொரு கணக்கைச் சொன்னார்கள். வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் இருந்து கழிக்க வேண்டும். எனக்கு அது 188.

எந்தக் கணக்காக இருந்தாலும் அது சராசரிதான். ஒரே வயதுள்ள இருவருக்கு இடையில் பத்துத் துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். மார்பில் கட்டும் பட்டையுடன் ஒரு மேட்டுச் சாலையில் மூச்சு முட்ட ஓட்டிய போது, என் துடிப்பு 201 வரை போனது. சாப்ட்வேர் எனக்குப் போட்டிருந்த மண்டலங்கள் எல்லாமே தவறு என்று அன்றுதான் தெரிந்தது. கைக்கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மூலம் துடிப்பைப் பார்க்கும் முறையும், ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து, குலுங்கிக் கொண்டே போகும் போது தடுமாறும்.

இதோடு எங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பட்டாசுத் தொழில் எங்கள் பக்கம் வேர்விட்டதற்கு இந்த வறண்ட வானிலையும் ஒரு காரணம். காலை ஐந்தரை மணிக்கு ஒரு வேகத்தில் ஓட்டும் போது இருக்கும் துடிப்பு, பத்து மணிக்கு அதே வேகத்தில் ஓட்டினால் இருக்காது. பத்து, பதினைந்து துடிப்பு கூடவே இருக்கும். வியர்வையில் நீர் குறைவதாலும், உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போவதாலும் இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. வெயிலுக்கு உடல் பழகவே பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகும். குளிர் நாட்டில் இருப்பவரை மனதில் வைத்துப் போட்ட திட்டத்தை சித்திரை மாதத்தில் சிவகாசியில் அப்படியே பின்பற்றினால், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

போர்மேன் இல்லாத பயர் ஆபீஸ்

எங்கள் அப்பா பயர் ஆபீசில் வேலை பார்த்தவர். பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தினமும் சைக்கிளில்தான் போவார், வருவார். அவருக்குப் பீஸ் ரேட் கூலி. எவ்வளவு செய்கிறாரோ அவ்வளவு காசு. அப்படி வேலை பார்ப்பவருக்குத் தானாக நிறுத்த மனசு வராது. இன்னும் ஒரு கட்டு, இன்னும் பத்து ரூபாய் என்றுதான் தோன்றும்.

ஆனால் அங்கே போர்மேன் என்று ஒருவர் உண்டு. மருந்துக் கலவை வேலை வெயில் ஏறும் முன் முடிய வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. இடி மின்னல் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். "வெளிய வாங்க" என்று அவர் சொன்னால் வந்துதான் ஆக வேண்டும். அன்றைய கூலி குறையும். ஆள் வீட்டிற்கு வருவார். அந்தச் சொல்லை யாரும் சொல்லாமலோ, கேட்காமலோ போன இடங்களில் என்ன நடந்தது என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பையனின் கதையை அப்பாவிடம் சொன்ன போது அவர் சொன்னது இது: "ஓட்டுறவனுக்கு நிறுத்தத் தெரியாதுப்பா. நிறுத்தச் சொல்ல இன்னொருத்தன் வேணும்."

நாட்களை எண்ணும் அப்ளிகேஷன் ஒரு பீஸ் ரேட் முதலாளி. அதில் போர்மேன் இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பெரிய வீரர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,900 கிலோமீட்டரை 12 நாட்களுக்குள் கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்ற சைக்கிள் போட்டி இருக்கிறது. 2017இல் நம் ராணுவ மருத்துவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் அதைத் தனி ஆளாக முடித்து, அப்படி முடித்த முதல் இந்தியர் ஆனார். தனி ஆள் என்று பெயர்தான். இந்தப் போட்டியில் ஓட்டுபவருக்குப் பின்னால் வண்டியில் ஒரு குழுவே வர வேண்டும். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று பார்த்துச் சொல்வதற்கு ஆட்கள் வேண்டும். களைத்துப் போனவனின் மூளையை நம்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோச் இல்லாத ஊரில் என்ன செய்வது?

"சரி, எங்கள் ஊரில் சைக்கிள் கோச்சுக்கு எங்கே போவது? இருப்பது மொபைல்தானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம். எம். புதுப்பட்டியிலும் சைக்கிள் கோச் கிடையாது. எண்ணுவது, நினைவில் வைத்துக் கொள்வது, சென்ற மாதத்தோடு ஒப்பிடுவது, இந்த மூன்றையும் சாப்ட்வேர் நம்மைவிட நன்றாகச் செய்யும். அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். முடிவெடுக்கும் வேலையை மனிதருக்குக் கொடுங்கள். நாங்கள் இப்போது செய்வது இது:

1. பயிற்சிச் சுமையை நாங்களே எழுதுகிறோம். அமெரிக்காவின் கார்ல் பாஸ்டர் என்பவர் சொன்ன எளிய முறை இது. பயிற்சி முடித்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 70 நிமிடம் ஓட்டி, கஷ்டம் 6 என்றால் 420. வாட்ச் தேவையில்லை, சந்தா தேவையில்லை. வெயிலும் காய்ச்சலும் தூக்கமின்மையும் இந்த மதிப்பெண்ணில் தானாகவே வந்துவிடும். ஏனென்றால் மதிப்பெண் போடுவது உடம்பு.

2. எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஆறு பத்தி போதும். தேதி, நிமிடம், கஷ்டம், சுமை, தூக்கம் எத்தனை மணி, குறிப்பு. மேலே சொன்ன 42 நாள், 7 நாள் கணக்கையும் வேண்டுமானால் இரண்டு பத்திகளாகச் சேர்க்கலாம். ஒரு முறை பார்முலா எழுதிக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது.

3. ஓய்வு நாளுக்கும் ஒரு வரி உண்டு. அதைக் காலியாக விடக்கூடாது. 'ஓய்வு' என்று எழுதி அதற்கும் டிக் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இது கட்டாயம்.

4. அப்ளிகேஷன் பயன்படுத்தினால், நோட்டிபிகேஷன்களை நிறுத்திவிடுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் போய் ஒவ்வொன்றாக அணைத்துவிடலாம். பிள்ளையின் வயதும் எடையும் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களின் கணக்கைக் கொடுக்காதீர்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

5. ஞாயிற்றுக்கிழமை இந்த அட்டவணையை இன்னொருவர் பார்க்க வேண்டும். அவருக்கு சைக்கிள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். நன்றாகத் தூங்கினாயா? எங்கேயாவது வலிக்கிறதா? ஓட்டப் பிடிக்கிறதா? மூன்றில் ஒன்றிற்கு இல்லாத பதில் வந்தால் அடுத்த வாரம் குறைத்துக் கொள்ள வேண்டும். "நிறுத்து" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. எங்கள் வீட்டில் அந்த உரிமை அக்காவிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பி.டி. சாரிடம்.

உங்கள் பைல் உங்கள் வீட்டில்

இன்னொரு விஷயத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நீங்கள் ஓட்டிய பயணத்தின் விவரம் யாரிடம் இருக்கிறது?

2020 ஜூலை 23இல் கார்மின் நிறுவனத்தின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. உலகம் முழுவதும் அந்த வாட்ச் வைத்திருந்தவர்கள் சில நாட்கள் தங்கள் பயிற்சியை ஏற்ற முடியாமல் தவித்தார்கள். யூஎஸ்பி கேபிள் மூலம் பைலைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கத் தெரிந்தவர்கள் கவலைப்படவில்லை. 2024 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், தன்னிடம் உள்ள ஒருவருடைய தகவலை வெளி அப்ளிகேஷன்கள் அவருக்கு மட்டுமே காட்டலாம் என்று புதிய விதி கொண்டு வந்தது. கோச்சுகளும் அவர்களுக்காக சாப்ட்வேர் எழுதுபவர்களும் குழம்பிப் போனார்கள். பிறகு அந்த நிறுவனம் விளக்கம் தர வேண்டியிருந்தது.

எனவே மாதம் ஒரு முறை உங்கள் பயணங்களை ஃபிட் அல்லது ஜிபிஎக்ஸ் பைலாக டவுன்லோட் செய்து, ஆண்டு வாரியாக ஒரு போல்டரில் போட்டு வையுங்கள். ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துக் கொள்ளுங்கள். அந்த பைல்களைத் திறந்து ஆராய 'கோல்டன் சீட்டா' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பதையும் பார்த்துக் கொள்ளலாம். முதலில் மிரட்டும். இரண்டு நாள் பழகினால் வசப்படும்.

முடிவாக

அந்த முறை என் அக்கா மகன் போட்டியில் ஓட்டவில்லை. பெயர் கொடுத்திருந்தவன், காய்ச்சல் விட்டாலும் உடம்பு தேறாததால், சாலை ஓரத்தில் நின்று கை தட்டிவிட்டு வந்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவன் அழவில்லை.

இப்போது அவனுக்கு 15 வயது. அடுத்த முறை 17 வயதிற்குட்பட்டோர் பிரிவு. அதற்கும் 20 கிலோமீட்டர்தான். வாட்சை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். கம்ப்யூட்டரில் அட்டவணை நான் போட்டுக் கொடுத்தது, நிரப்புவது அவன். போன வாரம் ஒரு மழை இரவில் மின்சாரம் போய், யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து சைக்கிளோடு நிற்பான் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேராகத் தூக்கம் 3 மணி, சுமை 0, குறிப்பு என்ற இடத்தில் 'ஓய்வு' என்று போட்டு டிக் அடித்திருந்தான். தகுதிக் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது.

நானும் சைக்கிளை உள்ளே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு வாட்ச் இருக்கும். இன்றிரவு அதை எடுத்து, அது எத்தனை நாட்களை எண்ணிக் கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உடம்பு கேட்டால் தயங்காமல் அந்த எண்ணை உடைத்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது.